குறுந்தூரப் பந்தயப் புறா: எந்த வம்சம், எந்த ஜோடி?

சென்னையில் கூண்டு வைத்திருக்கும் நீங்கள், இனி சூலூர்பேட்டை முதல் ஓங்கோல் வரையிலான ஊர்களில் புறாவைத் திறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பவைக்கும் குறுந்தூரப் பந்தயங்களில் மட்டும் கவனம் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜான்சன், ஹெரெமன்ஸ், வான் டைக் என்று மூன்று பெல்ஜிய வம்சங்களின் பெயரைச் சொல்லி மூன்று பேர் உங்களிடம் ஜோடி விற்க வந்திருக்கிறார்கள். எதை எடுப்பது, எடுத்தபின் எப்படிப் பெருக்குவது என்பது உங்கள் கேள்வி.

வம்சத்தின் பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடந்த இரண்டு மூன்று பருவங்களில் இதே தூரத்தில் பரிசு வாங்கிய புறாக்களின் பெற்றோருக்கும் உடன்பிறப்புகளுக்கும் கொடுங்கள். அந்தப் புறா ஜான்சனா, ஹெரெமன்ஸா, பெயரே தெரியாத ஒன்றா என்பது அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய விஷயம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் குறுந்தூரம் ஒரு புறாவிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

நேர்கோட்டில் அளந்தால் மத்திய சென்னையிலிருந்து சூலூர்பேட்டை சுமார் 75 கி.மீ., கூடூர் 125, நெல்லூர் 155, காவலி 205, ஓங்கோல் 270. பெல்ஜியத்திலும் கிட்டத்தட்ட இதே அளவுகள்தான். ஆண்ட்வெர்ப் நகரத்தவர்களின் புகழ்பெற்ற குறுந்தூரத் திறப்பு இடங்களான கியெவ்ரானும் நுவயோனும் அங்கிருந்து முறையே 100, 200 கி.மீ. அளவில் இருக்கின்றன. ஆக, அங்கே இந்தத் தூரத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த புறாக்கள் இங்கும் பொருந்தும் என்று நினைப்பதில் தவறில்லை.

பந்தயத்தில் இடத்தைத் தீர்மானிப்பது, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற சராசரி வேகம். கூடூரிலிருந்து 125 கி.மீ. தூரத்தை ஒரு புறா 95 நிமிடத்தில் கடந்தால் வேகம் நிமிடத்துக்கு 1,316 மீட்டர். 96 நிமிடம் எடுத்தால் 1,302. ஒரே நிமிடத் தாமதத்துக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விட்டது. இதுவே 600 கி.மீ. பந்தயத்தில், 500 நிமிடம் பறக்கும் புறா ஒரு நிமிடம் தாமதித்தால் இழப்பது இரண்டரை மீட்டருக்கும் குறைவு. குறுந்தூரப் பந்தயத்தில் முதல் பரிசுக்கும் ஐம்பதாவது இடத்துக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடம்தான்.

அந்த நிமிடம் எங்கே போகிறது என்பதைக் கூண்டின் அருகே நின்று கவனித்தால் தெரியும். புறா மேற்கிலிருந்து தாழ்ந்து வருகிறது, மாடியைச் சுற்றி ஒரு வட்டமடிக்கிறது, நேராகக் கூண்டின் வாசல் தட்டில் இறங்காமல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அமர்கிறது. சிறகை மடித்துச் சரிசெய்துகொள்கிறது. கழுத்தை நீட்டிப் பக்கத்து மாடியில் காயும் துணியைப் பார்க்கிறது. நீங்கள் தீவன டப்பாவைக் குலுக்குகிறீர்கள். ஒரு கண்ணால் உங்களைப் பார்த்துவிட்டு இரண்டடி நடக்கிறது, மறுபடியும் நிற்கிறது. இப்படி நாற்பது விநாடி போய்விட்டது. அவ்வளவு வேகமாக வந்த உடம்புக்கு இப்போது எந்தப் பயனும் இல்லை. அதே கூட்டில் இன்னொரு புறா வட்டமே அடிக்காமல் சிறகைப் பாதி மடித்துக்கொண்டு நேராக வாசல் தட்டில் வந்து விழும், அதே வேகத்தில் உள்ளே ஓடும். காலில் இருக்கும் எலக்ட்ரானிக் வளையம் அந்தக் கணமே பதிவாகிவிடும். இந்தக் குணத்தில் பெரும்பகுதி பழக்கத்தால் வருவது, ஒரு பகுதி பிறப்பிலேயே வருவது. குஞ்சுகளை வரிசையாகக் கவனித்தால் சில ஜோடிகளின் பிள்ளைகள் எல்லாமே தயங்காமல் உள்ளே வருவதைப் பார்க்கலாம். அந்த ஜோடியைத்தான் நான் முதலில் குறித்துவைப்பேன்.

குறுந்தூரப் புறா என்றதும் தடித்த நெஞ்சும் குத்துச்சண்டை வீரரின் உடம்பும் கொண்ட பறவையைப் பலர் தேடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் விடாமல் சிறகடிக்கும் பறவையை நூறு மீட்டர் ஓட்டக்காரரோடு ஒப்பிட முடியாது. புறாவின் நெஞ்சுத் தசையில் மிகப்பெரும் பகுதி, ஆக்சிஜனைப் பயன்படுத்திக் கொழுப்பை எரிக்கும் சிவப்பு இழைகள். வெடித்துக் கிளம்ப உதவும் வெள்ளை இழைகள் கொஞ்சம்தான். நெடுந்தூரப் புறாவுக்கும் குறுந்தூரப் புறாவுக்கும் தசையில் இருக்கும் வேறுபாட்டைவிடத் தலையில் இருக்கும் வேறுபாடு பெரியது என்பது என் முடிவு.

தலை என்று நான் சொல்வது இதைத்தான். திறந்துவிட்டதும் திசையைச் சட்டென்று பிடிக்க வேண்டும்; கூட்டத்தோடு பறந்தாலும் கடைசிப் பத்து இருபது கிலோமீட்டரில் கூட்டத்தை விட்டுத் தன் வீட்டுக் கோட்டில் பிரிய வேண்டும். நெடுந்தூரத்தில் கூட்டம் தானே சிதறிவிடும். குறுந்தூரத்தில் பெரிய கூட்டமாகவே நகருக்குள் வந்து சேரும். கூட்டத்தின் இழுப்புக்கு மயங்காத புறாவே வெல்லும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புறாக்களின் முதுகில் ஜிபிஎஸ் கருவி கட்டிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பழகிய பாதையில் புறாக்கள் சாலை போன்ற தரை அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு தத்தமக்கென ஒரு வழியை உருவாக்கிக்கொள்வது அதில் தெரியவந்தது. இயல்பிலேயே வேகமான புறா கூட்டத்தின் முன்னால் நின்று வழிநடத்துகிறது, வழிநடத்தும் புறா வழியை மற்றவற்றைவிட நன்றாகக் கற்கிறது என்பது அவர்களின் இன்னொரு முடிவு. ஒரே பாதையில் வாராவாரம் பறக்கும் குறுந்தூரப் பந்தயத்தில் இந்தக் கற்றல்தான் பாதிப் பரிசு.

இப்போது வம்சங்களுக்கு வருகிறேன். ஜான்சன் சகோதரர்கள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மாகாணத்தில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ஆரெண்டோங்க் ஊரில் இருந்தவர்கள். தந்தை ஹென்றி தொடங்கியதைப் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் ஒரே வீட்டில் தொடர்ந்தார்கள். சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் பெயர் தாங்கிய அவர்களின் புறாக்களை இன்றும் வம்சாவளித் தாள்களில் பார்க்கிறோம். வெளி ரத்தம் சேர்க்காமல் காப்பாற்றிய வம்சம் என்று அதை விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் 1960-களில் லியேஜ் பகுதியைச் சேர்ந்த ஃபாப்ரி என்ற வளர்ப்பாளருடைய புறாக்களின் ரத்தத்தை அந்தச் சகோதரர்களே உள்ளே கொண்டுவந்தார்கள். ‘அரை ஃபாப்ரி’ என்றே அழைக்கப்பட்ட அந்த ஆண் புறா, பிற்காலத்து ஜான்சன் புறாக்களின் வளர்ச்சியில் முக்கியப் பங்கு பெற்றது. வம்சத்தின் தூய்மையைவிடக் கூடையிலிருந்து, அதாவது பந்தயத்துக்கு அனுப்பிப் பார்த்ததிலிருந்து, வந்த முடிவை அவர்கள் பெரிதாக மதித்தார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான்.

இன்று உங்களிடம் ‘சுத்த ஜான்சன்’ என்று விற்கப்படும் புறா, அந்தக் கூண்டிலிருந்து வெளியேறி எத்தனையோ கைகள் மாறியது. ஒவ்வொரு கையும் வேறொன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கும். சிலர் எதையும் பந்தயத்துக்கு அனுப்பாமல் பெயரை மட்டும் வைத்துப் பெருக்கியிருப்பார்கள். ஒரு புறாவுக்குக் கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தைய தலைமுறையில் 16 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் புகழ்பெற்ற புறா என்றால், சராசரியாக 6.25 சதவீத ரத்தம்தான் உங்கள் கைக்கு வருகிறது. மீதி 15 பேர் யார் என்று கேளுங்கள்.

வோர்செலார் ஊரின் லியோ ஹெரெமன்ஸ் புறாக்கள் அண்மைக் காலத்தவை என்பதால் அவற்றுக்கும் பந்தயத்துக்கும் உள்ள இடைவெளி குறைவு. 2013-இல் அவருடைய கூண்டு ஏலத்துக்கு வந்தபோது, ஓட்டக்காரர் உசைன் போல்ட்டின் பெயர் கொண்ட புறா மட்டும் 3 லட்சத்து 10 ஆயிரம் யூரோவுக்குச் சீனாவுக்குப் போனது. வான் டைக்கின் ‘கன்னிபால்’ என்ற புறாவின் வழி வந்தவையும் குறுந்தூரத்திலும் நடுத்தூரத்திலும் பல கூண்டுகளை உயர்த்தியவை. இந்த மூன்றில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல் என்றால் பின்னிரண்டில் ஒன்றைச் சொல்வேன். காரணம், அவற்றின் நல்ல புறாக்கள் பந்தயத்தில் பறந்த காலம் நம் காலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 2020-இல் ‘நியூ கிம்’ என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு விற்றதைச் சொல்லி இங்கே விலையை ஏற்றுபவர்களும் உண்டு. அது நடுத்தூரத்தில் பெயர் வாங்கிய புறா. உங்கள் பந்தயத்தோடு அந்த விலைக்குத் தொடர்பு இல்லை.

வாங்கும்போது என்ன கேட்பது? பரிசு எத்தனையாவது என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை புறாக்கள் கலந்துகொண்டன, எந்த ஊரிலிருந்து, அன்றைக்குக் காற்று எப்படி, விற்பவரின் கூண்டு நகரின் எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். வடக்கிலிருந்து வரும் கூட்டம் மேற்காக ஒதுங்கி நகருக்குள் நுழையும் நாளில், அந்த வரிசையில் இருக்கும் கூண்டுக்கு இடம் தானாகக் கிடைத்துவிடும். காற்று மாறிய நாளிலும் அதே புறா முன்னால் வந்திருக்கிறதா என்பதே உண்மையான சோதனை.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்தப் பெற்றோருக்குப் பிறந்த மற்றக் குஞ்சுகள் என்ன ஆயின என்பது. இருபது குஞ்சுகளில் ஒன்று மட்டும் முதல் பரிசு வாங்கியிருந்தால் அது அந்த ஒரு புறாவின் பெருமை. பத்துக் குஞ்சுகளில் நான்கு ஐந்து தொடர்ந்து பட்டியலில் வந்திருந்தால் அது பெற்றோரின் பெருமை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. அந்த ஜோடியின் கடைசிக் குஞ்சுகளைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள். பருவத்துக்குப் பிந்திப் பிறந்ததால் பந்தயத்துக்கு உதவாது என்று பலர் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். ஜோடிக்கு அது ஒரு குறையே இல்லை. புகழ்பெற்ற வயதான பெட்டையை வாங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முட்டை நின்றுபோன பெட்டைக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் இடம் உண்டு, ஆனால் அது கடைசிக் கட்டம். இடது உள்ளங்கையில் புறாவை உட்காரவைத்து, கால்களை விரல்களுக்கு இடையே பிடித்து, சற்று முன்னால் சாய்த்துப் பாருங்கள். பந்தயப் பருவத்தில் இருக்கும் நல்ல புறா பார்வைக்குத் தெரிவதைவிடக் கனமின்றிக் கையில் அமரும். நெஞ்செலும்பு நேராக ஓடி, பின்புறம் மேலேறி, இடுப்பெலும்புகளுக்கு அருகே முடியும். அந்த இரண்டு எலும்புகளும் ஆணுக்குக் கிட்டத்தட்ட ஒட்டியும், பெட்டைக்குச் சற்றே விலகியும், இரண்டிலும் விறைப்பாகவும் இருக்கும். தசை கட்டையாக இறுகாமல் விரலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இறகு பட்டு போல வழுக்கி, விரல்நுனியில் வெள்ளைத் தூள் ஒட்ட வேண்டும். பத்து முதன்மைச் சிறகுகளில் ஓரத்து நான்கின் நுனிகள் விரித்துப் பிடித்தால் இடைவெளியோடு நிற்பதைப் பலர் விரும்புவார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்காக மட்டும் எதையும் எடுக்கவும் மாட்டேன், ஒதுக்கவும் மாட்டேன். கண்ணின் வளையங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பந்தயத் திறமையைச் சொல்லும் கலையை நான் நம்பவில்லை. தெளிவான, வறண்டுபோகாத, உயிர்ப்புள்ள கண் உடல்நலத்தைக் காட்டும், அத்தோடு சரி.

மரபணுச் சோதனையும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. தசையின் வேலையோடு தொடர்புள்ள எல்டிஹெச்ஏ, மூளையின் டோபமைனோடு தொடர்புள்ள டிஆர்டி4 என்ற இரண்டு மரபணுக்களைப் பெரும்பாலும் சோதிக்கிறார்கள். இவற்றின் சில வகைகளுக்கும் பந்தய முடிவுகளுக்கும் தொடர்பு கண்ட ஆய்வுகள் உண்டு. ஆனால் பந்தயத் திறமை என்பது எண்ணற்ற மரபணுக்கள் சேர்ந்து உருவாக்குவது. அந்தப் பணத்தில் குஞ்சுகளைக் கூடுதலாகப் பயிற்சிக்கு அனுப்பினால் அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

ஜோடி போடுவதில் ஒரு பாடத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பறவைகளில் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. ஆகவே ஒரு பெட்டைக்குத் தன் ஒரே இசட் தந்தையிடமிருந்து மட்டுமே கிடைக்கிறது. தாய் தன் இசட்டை மகன்களுக்கு மட்டும் கொடுக்கிறாள். அதேநேரம், செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா எல்லாக் குஞ்சுகளுக்கும் தாயிடமிருந்தே வருகிறது. இங்கே பலரும் பெரிய பெயர் கொண்ட ஆணுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் பெட்டையைக் கைக்குக் கிடைத்ததில் எடுக்கிறார்கள். நானாக இருந்தால் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் பெட்டைக்கு ஒதுக்குவேன், அதுவும் தானே பறந்து வென்ற பெட்டைக்கு.

முதல் பருவத்தில் உறவில்லாத நல்லவற்றைச் சேர்த்து ஜோடி போடுங்கள். கலப்பு வீரியம் என்று பாடப் புத்தகத்தில் படித்தது புறாவில் கண்கூடாகத் தெரியும். குஞ்சுகள் துடிப்பாக வளரும், நோய்க்கு எளிதில் மடங்காது. இரண்டாம் பருவத்தில் ஜோடிகளை மாற்றுங்கள். இதைச் செய்யப் பலருக்கு மனம் வருவதில்லை. நல்ல குஞ்சு கொடுத்த ஜோடியைப் பிரிப்பது கஷ்டம்தான், ஆனால் பிரிக்காவிட்டால் திறமை ஆணிடம் இருக்கிறதா பெட்டையிடம் இருக்கிறதா என்பது ஒருபோதும் தெரியாது. மூன்று வெவ்வேறு துணைகளோடும் நல்ல குஞ்சு கொடுத்த ஒரு புறா கிடைத்தால் அதுதான் உங்கள் கூண்டின் அஸ்திவாரம். அப்போது உங்கள் வம்சம் தொடங்கிவிட்டது. அதற்கு எந்தப் பெல்ஜியப் பெயரும் வேண்டாம்.

அந்த அஸ்திவாரப் புறாவைச் சுற்றித்தான் உறவுக்குள் ஜோடி போட வேண்டும். அதன் பிள்ளைகளில், தாய் வேறான அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குஞ்சின் அகக்கலப்பு, அதாவது உறவுக்குள் சேர்ந்ததன் அளவு, 12.5 சதவீதம். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்தாலும் அதே அளவுதான். தந்தையும் மகளும், அல்லது உடன்பிறந்த இருவரும் சேர்ந்தால் 25 சதவீதம். 12.5 வரை தயங்காமல் செய்யலாம். 25-ஐ ஒரு தலைமுறைக்கு மேல் தொடர்ந்தால் முட்டை பொரியாமல் போவது, குஞ்சு சிறுத்துப்போவது, சின்னச் சளிக்கே வாடுவது எல்லாம் வரிசையாக வரும். இப்படி நெருங்கிப் பிறந்தவற்றைப் பந்தயத்துக்கு அனுப்ப வேண்டாம். அவற்றை இன்னொரு நல்ல குடும்பத்தோடு சேருங்கள். அதில் பிறப்பவையே பந்தயக்காரர்கள்.

நல்ல பெட்டையிடமிருந்து பருவத்துக்கு அதிகக் குஞ்சு வேண்டுமானால், சாதாரண ஜோடிகளை வளர்ப்புப் பெற்றோராக வையுங்கள். பெட்டை இரண்டு முட்டைகளை ஏறக்குறைய 44 மணி நேர இடைவெளியில் இடும். 17 அல்லது 18 நாளில் பொரியும். ஒரே நாளில் முட்டையிட்ட ஜோடியின் கீழ் மாற்றிவைத்தால் குஞ்சுக்கு ஊட்டப் பெற்றோரின் தீனிப்பையில் பால் சுரக்கும் நேரமும் பொருந்திவரும். ஆனால் ஒரு பெட்டையை வரிசையாக முட்டையிடவைத்து வாட்டாதீர்கள். இரண்டு மாற்று போதும், பிறகு ஓய்வு கொடுங்கள்.

பிறந்த குஞ்சுகளில் எதை வைத்துக்கொள்வது என்பதைக் கூடைதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம், ஒரே பயிற்சி, ஒரே நாளில் தடுப்பூசி. பத்து, இருபது, நாற்பது கிலோமீட்டர் என்று படிப்படியாக ஏற்றும்போது, ஒவ்வொன்றும் எத்தனையாவதாக வந்தது, வந்தபின் உள்ளே நுழைய எவ்வளவு நேரம் எடுத்தது என்று இரண்டு கட்டமாக நோட்டில் எழுதுங்கள். முதல் இரண்டு பந்தயத்தில் பின்தங்கிய குஞ்சை உடனே ஒதுக்காதீர்கள், பாதை பழக நேரம் வேண்டும். மாறாக, ஒருமுறை முதல் பரிசு வாங்கிவிட்டு மற்ற நாட்களில் பட்டியலிலேயே இல்லாத புறாவைக் கொண்டாட வேண்டாம். எனக்கு ஐந்து பந்தயத்தில் ஐந்து முறையும் முதல் பத்துக்குள் வந்த புறாதான் ஜோடிக்கு வேண்டும்.

சென்னைக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகான ஜனவரியில், ஆந்திரக் கடற்கரை வழியே தெற்கு நோக்கி வரும் புறாவுக்குக் காற்று பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும். மார்ச், ஏப்ரலில் காற்று தெற்கு, தென்கிழக்கிலிருந்து வீசத் தொடங்கிவிடும். முகத்தில் அடிக்கும், உள்நாட்டுப் பக்கமாகவும் தள்ளும், வெயிலும் ஏறியிருக்கும். ஜனவரியில் பறந்து காட்டிய மெல்லிய புறா ஏப்ரலில் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். இரண்டு காற்றிலும் வரும் புறாக்களின் வழியில்தான் பெருக்க வேண்டும். பருவத்தின் கடைசிப் பந்தய முடிவுகளுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பதும் அதனால்தான். பைரி என்ற வேட்டைப் பறவையிடமிருந்து தப்பி வருவதும் ஒரு திறமை என்றாலும், அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. தாமதமாக, இறகு பிய்ந்து வந்த புறாவை அந்த நாளின் நேரத்தை வைத்து எடைபோடாதீர்கள்.

ஆக, உங்களிடம் வந்திருக்கும் மூன்று பேரிடமும் ஒரே கோரிக்கை வையுங்கள்: விற்கும் புறாவின் வளைய எண், அதன் பெற்றோரின் எல்லாக் குஞ்சுகளின் பட்டியல், அவற்றில் பந்தயத்துக்குப் போனவற்றின் முடிவுகள். எவர் நோட்டைத் திறந்து காட்டுகிறாரோ அவரிடம் வாங்குங்கள், அவரிடம் இருப்பது எந்த வம்சமாக இருந்தாலும் சரி. வாங்கிவந்ததும் மூன்று வாரம் தனிக் கூண்டில் வையுங்கள். எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழுவுக்கும் சால்மோனெல்லாவுக்கும் சோதியுங்கள், தொண்டையில் மஞ்சள் படிவு இருக்கிறதா என்று அலகைத் திறந்து பாருங்கள். இறகுதிர்ப்பு முடிந்து, ஓரத்துச் சிறகு முழுமையாக வளர்ந்த பிறகே ஜோடி போடுங்கள்.